திருடுபோன பழைய நோட்டு ஏலத்துக்கு வந்தால்

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தை சேர்த்துவைத்திருந்த சிங்கப்பூரின் பழைய ஆர்க்கிட் மலர் வரிசை 500 வெள்ளி நோட்டு ஒன்று 2021இல் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து திருடுபோனது. அப்போதே காவல்துறையில் புகார் செய்தோம். இப்போது உள்ளூர் ஏல நிறுவனம் ஒன்றின் பட்டியலில் அதே வரிசை எண்ணுடன் அந்த நோட்டு வந்திருக்கிறது. நானே ஏலத்தில் எடுத்துவிடலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் பொருளுக்கு நீங்களே விலை கொடுத்துவிட்டால், பிறகு அந்தப் பணத்துக்காக வேறொரு வழக்கு நடத்த நேரிடும். விற்பனைக்குக் கொடுத்தவரைத் தேடிப்பிடித்துப் பேசுவதும் வேண்டாம். அவர் நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அது மீண்டும் எப்போது வெளிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திருடனுக்கு உரிமை இல்லாததால் அவனிடமிருந்து வாங்கியவருக்கும், அவர் நல்லெண்ணத்துடனே வாங்கியிருந்தாலும், பொதுவாக உரிமை சேராது. ஆனால் உங்கள் பொருள் பணத்தாள் என்பதால் எதிர்த்தரப்பு ஒரு வாதத்தை எழுப்பக்கூடும்: கைமாறும் பணத்தை நல்லெண்ணத்துடன் பெற்றவரிடமிருந்து பழைய உரிமையாளர் திரும்பக் கேட்க முடியாது என்பதும் சட்டமே. இதற்கான விடை 1899ஆம் ஆண்டின் மாஸ் எதிர் ஹான்காக் என்ற இங்கிலாந்து வழக்கில் இருக்கிறது. அதில் திருடப்பட்ட ஐந்து பவுண்டு தங்க நாணயம் ஒன்று, செலவழிக்கும் பணமாக அன்றி அரும்பொருளாகவே ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்டிருந்ததால், அதை உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு ஏலத்தில் வரும் உங்கள் நோட்டும் இவ்வகையில் சேரும் என்பதே என் கருத்து. இங்கிலாந்துத் தீர்ப்புகள் சிங்கப்பூர் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், இத்தகைய கேள்விகளில் அவற்றுக்கு மதிப்பு உண்டு.

இனி ஆதாரத்தைப் பார்ப்போம். வரிசை எண் 2021ஆம் ஆண்டுப் புகாரிலேயே பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையெனில் தந்தை எடுத்த படம், வாங்கிய ரசீது, காப்புறுதிப் பட்டியல், தரநிர்ணயச் சான்றிதழ் ஆகியவற்றில் எண் தெரிகிறதா என்று தேடுங்கள். பிஎம்ஜி போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் நோட்டின் நிலையை மதிப்பிட்டு, உறையிட்டுச் சான்றிதழ் எண் வழங்குகின்றன. உறையை உடைத்து மறுபடி தரநிர்ணயம் செய்தால் சான்றிதழ் எண் மாறும், ஆனால் நோட்டில் அச்சிடப்பட்ட வரிசை எண் மாறாது. ஏலப் பட்டியலின் பக்கத்தையும் படத்தையும் தேதியுடன் இன்றே சேமித்துவையுங்கள், ஏனெனில் இணையப் பக்கங்கள் சொல்லாமல் மறையும்.

பிறகு பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்கு எழுதி, அதே நாளில் ஏல நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பி, நோட்டை விற்பனையிலிருந்து விலக்கித் தம்மிடமே வைத்திருக்கும்படி கேளுங்கள். நற்பெயருக்கு அஞ்சும் நிறுவனம் பெரும்பாலும் இணங்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறை நோட்டைக் கைப்பற்றினால், அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். நிறுவனம் இணங்காவிட்டால், வழக்கறிஞர் மூலம் தடையாணை கோரலாம்; விற்பவரின் அடையாளத்தை வெளியிடும்படியும் நீதிமன்ற ஆணை பெறலாம். பொருளின் மதிப்பு 60,000 வெள்ளிக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றமே போதும்.

உரிமை கோர வேண்டியவர் யார் என்பதையும் சரிபாருங்கள். நோட்டு தந்தையின் சொத்தாக இருந்ததால், உயில் நிறைவேற்றுநரோ, உயில் இல்லாதபோது சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாகப் பத்திரம் பெற்றவரோதான் கோர முடியும். காப்புறுதி நிறுவனம் இழப்பீடு கொடுத்திருந்தால் அந்நிறுவனத்துக்கும் இதில் பங்கு இருக்கும். நோட்டு இடையில் வெளிநாட்டில் விற்கப்பட்டிருந்தால் அந்நாட்டுச் சட்டமே உரிமையைத் தீர்மானிக்கக்கூடும். இங்கிலாந்தில் திருடப்பட்டு இத்தாலியில் விற்கப்பட்ட கலைப்பொருள்கள் லண்டன் கிறிஸ்டீஸில் ஏலத்துக்கு வந்தபோது, 1980இல் வெளியான தீர்ப்பில் இத்தாலியச் சட்டமே பொருந்தும் என்று முடிவானது.

கடைசியாகக் காலவரம்பு. இத்தகைய வழக்குகளுக்கு ஆறு ஆண்டுகளே உண்டு. நோட்டு கைமாறுந்தோறும் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்பியிருக்காமல், திருட்டு நடந்த நாளிலிருந்தே எண்ணி, 2027இல் அந்தத் தேதி வருவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.