சி.ஆர். வேறொருவர் பெயரில்: கல்முனை பைக்கை எடுக்கலாமா?
விற்பவரின் பெயரில் சி.ஆர். (வாகனப் பதிவுச் சான்றிதழ்) இல்லை, கையொப்பமிட்ட வெற்றுப் படிவம்தான் தருகிறார், ஆனால் விலை குறைவு என்று கேட்டிருக்கிறீங்க. அப்படியே எடுக்காதீங்க. சி.ஆரில் பெயருள்ளவரை நேரில் வரச் சொல்லி, அடையாள அட்டையைப் பார்த்து, உங்கள் முன்னாலேயே எம்.டி.ஏ. 6 என்ற உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பம் வாங்குங்க. அவர் வெளிநாடு போனபின் கையொப்பத்தில் சிக்கல் வந்தால் வண்டி உங்கள் பெயருக்கு மாறாது. சி.ஆரில் அப்சொலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் லீசிங் கம்பனி இருந்தால், கடன் முடித்த கடிதம் காணும்வரை அட்வான்ஸ்கூட வேண்டாம்.

சேசிஸ் நம்பரை (வண்டிச் சட்டத்தில் பொறித்த இலக்கம்) துரு மூடியிருக்கலாம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எஞ்சின் நம்பரோடு சேர்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சி.ஆருடன் ஒப்பிடுங்க. அந்த இடத்தில் இலக்கத்தை அராவித் தேய்த்த தடம் இருந்தால் விட்டுவிடுங்க.

கடற்கரையில் ஓடிய வண்டியென்றால் புதுப் பெயின்ற்றை நம்பவே வேண்டாம், அடியில் துரு இருக்கலாம். சைலன்சரின் அடிப்பக்கம், ஸ்டாண்ட் பொருத்திய இடம், பின் ஃபோர்க்கின் அடி எல்லாவற்றையும் தட்டிப் பாருங்க. பெற்றோல் டாங்கிக்குள் டோர்ச் அடியுங்க. அங்கே துருவிருந்தால் அது காபரேற்றர் ஜெட்டை (பெற்றோல் வரும் சிறு துளை) அடைத்துக்கொண்டே இருக்கும்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்க. ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் எஞ்சினுக்குள் ஒயில் எரிகிறது; பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் போயிருக்கலாம். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்க.