சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணும் ஸ்டெம் செல் சிகிச்சையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பெருவிரலுக்குக் கீழே உள்ள புண் நான்கு மாதங்களாக ஆறவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆறிவிடுமா?

பதில்: ஸ்டெம் செல் என்பது பிற வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல். அதைப் பற்றி யோசிக்கும் முன், புண் ஏன் ஆறவில்லை என்பதை முதலில் கண்டறிய வேண்டும். நடக்கும்போது உடல் எடையைப் பெரிதும் தாங்கும் இடம் அது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, அது வளையும் வரை அழுத்திய பிறகும் உங்கள் தந்தைக்கு எதுவும் தெரியவில்லை என்றால், அவர் அந்தப் புண்ணை வலியே இல்லாமல் நாள் முழுவதும் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ரத்த ஓட்டம் போதுமான அளவு இருந்து, கடுமையான தொற்றும் இல்லாவிட்டால், முழங்கால் வரை வரும், அவராகவே கழற்ற முடியாத கட்டுதான் இதற்கு முதல் சிகிச்சை. மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல நுழைக்கும்போது அது எலும்பில் முட்டினால், எலும்பிலும் தொற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தத்தையும் தொற்றையும் அப்படியே விட்டுவிட்டு எந்தச் செல்லைச் செலுத்தினாலும் பயன் கிடைக்காது.

கேள்வி: செலுத்தப்படும் செல்கள் புதிய ரத்தக் குழாய்களாக மாறிவிடுகின்றனவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. செல்கள் சில காலமே அங்கே தங்கி, ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து, அழற்சியைத் தணித்து, அங்குள்ள திசுவையே வேலை செய்ய வைக்கின்றன என்பதுதான் இன்றைய புரிதல். 2002இல் ஜப்பானில் நடந்த முன்னோடி ஆய்வில், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சுமார் 500 மில்லிலிட்டர் மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து பிரித்த செல்களைக் கெண்டைக்கால் தசையில் சுமார் 40 இடங்களில் ஊசி மூலம் செலுத்தினார்கள். 'ஒரே ஊசி' என்று விளம்பரங்களில் படிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

கேள்வி: ரத்தக் குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ செய்ய இயலாது என்று கூறிவிட்டார்கள். காலை எடுக்காமல் ஸ்டெம் செல் காப்பாற்றுமா?

பதில்: மிகுந்த நம்பிக்கை வைக்கப்பட்டதும், மிகுந்த ஏமாற்றத்தைத் தந்ததும் இந்த இடத்தில்தான். உங்களைப் போல் வேறு வழியில்லாத 160 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், மஜ்ஜை செல்களைத் தொடைத் தமனி வழியே மூன்று முறை செலுத்தியும், ஆறு மாதங்களில் கால் அகற்றப்படுவது குறையவில்லை. வலியும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன என்பது உண்மை. ஆனால் செல்லே இல்லாத போலி மருந்து பெற்றவர்களுக்கும் அவை அதே அளவு மேம்பட்டன. 'எனக்குக் குணமாயிற்று' என்ற ஒருவரின் அனுபவத்தை மட்டும் வைத்து மருத்துவர்கள் முடிவெடுக்கத் தயங்குவது இதனால்தான்.

ரத்த ஓட்டம் உள்ள புண்களில் நிலைமை சற்று நம்பிக்கையளிக்கிறது. 2019இல் வெளியான கொரிய ஆய்வு ஒன்றில், பிறருடைய கொழுப்புத் திசுவிலிருந்து வளர்த்த செல்களைத் தாங்கிய மென்படலத்தைப் புண்ணின் மேல் வைத்தபோது, 12 வாரங்களில் 82 சதவீதம் பேருக்குப் புண் முழுமையாக மூடியது. ஒப்பீட்டுக் குழுவில் அது 53 சதவீதம். இருப்பினும், கலந்துகொண்டவர்கள் 59 பேர் மட்டுமே. ஆகவே, இச்சிகிச்சை முறையான ஆய்வின் பகுதியாகக் கிடைத்தால் சேரலாம் என்பதே என் கருத்து.

அதற்கு முன், அடைப்பு குறித்து இன்னொரு ரத்தக் குழாய் அறுவை நிபுணரின் கருத்தைக் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுவதால், கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தம் நன்றாக இருப்பதுபோல் பொய்யாகக் காட்டக்கூடும். கால்விரலில் எடுக்கும் அழுத்தமே நம்பத்தக்கது. அது 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் ரத்தக் குழாய்ப் பரிசோதனை அவசரமானது. ஏற்கெனவே கறுத்து உயிரிழந்த திசுவை எந்தச் செல்லாலும் மீட்க முடியாது.

கேள்வி: சொந்தச் செல் நல்லதா, பிறருடையதா?

பதில்: சொந்தச் செல்லை உடல் நிராகரிக்காது. ஆனால் நீண்ட காலச் சர்க்கரையும் முதுமையும் அந்தச் செல்களின் எண்ணிக்கையையும் ஆற்றலையும் குறைத்துவிடுகின்றன; தேவைப்படுபவரிடமே அவை நலிந்திருப்பது ஒரு முரண்தான். ஆரோக்கியமானவரின் கொழுப்பிலிருந்தோ தொப்புள் கொடியிலிருந்தோ செல்களை வளர்த்துப் பயன்படுத்தும் முயற்சிகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பிஆர்பி சிகிச்சையும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அது ரத்தத் தட்டணுக்களின் செறிவு. அதில் ஸ்டெம் செல் எதுவும் இல்லை.

கேள்வி: பக்க விளைவுகள் உண்டா?

பதில்: கட்டுப்பாடான ஆய்வுகளில் பெரிய ஆபத்துகள் அரிது. புதிய குழாய்களைத் தூண்டும் சிகிச்சை என்பதால், புற்றுநோய் உள்ளவர்களையும், விழித்திரையில் புதிய குழாய்கள் முளைக்கும் பாதிப்பு உள்ளவர்களையும் பல ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. கண் பரிசோதனையை முடித்துவிட்டே பேசுங்கள். கட்டுப்பாடற்ற இடங்களின் கதை வேறு: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்' ஊசியைக் கண்களில் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. எந்தச் செல், எங்கே வளர்த்தது, யாருடைய அனுமதி என்று கேளுங்கள்; எழுத்தில் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: புண் ஆறிய பிறகு கவலை இல்லைதானே?

பதில்: ஆறிய பாதப்புண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓராண்டிலும், 65 சதவீதம் ஐந்தாண்டுகளிலும் மீண்டும் வருகின்றன. புண் மூடினாலும் மரத்துப்போன நரம்பு அப்படியே இருப்பதுதான் காரணம். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பையோ ஷூவையோ அணியும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே கிடக்கும் சிறு கல்லைக் கால் உணராது, விரல் உணரும்.