மெல்பனுக்கு ஆடிப்பட்டம் ஆகாது, தங்கச்சி

ஆஸ்திரேலியாவுல மெல்பனுக்குப் புதுசா வந்திருக்கற நீங்க, வாடகை வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பழைய கார், கடைசியா அதிகம் கவனிப்பு கேட்காத பூச்செடி எதுன்னு நாலு விஷயம் கேட்டிருக்கீங்க. முதல் மூணுக்கும் சொல்ல நிறைய பேர் இருக்காங்க. பூச்செடிக்கு மட்டும் நான் சொல்றேன், அதுவும் தக்கலைக்காரங்க கேட்டதால கொஞ்சம் விரிவாவே.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது பிச்சிக் கம்பை ஈரத்துணியில சுத்திப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க. செடி, விதை, பூமாலை எதுவானாலும் விமானத்துல நிரப்பிக் கொடுக்கற வருகை அட்டையில எழுதணும். மறைச்சா ஆயிரக்கணக்கில டாலர் அபராதம், விசாவே ரத்தாகலாம். "ஒண்ணும் பிடிக்க மாட்டாங்க"ன்னு பழைய ஆட்களே புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது ரொம்பத் தப்பு. ஒரு கம்போட வர்ற நோய் இங்குள்ள விவசாயி தோட்டத்தையே அழிச்சிரும். தேவையான செடியெல்லாம் இங்கேயே நாற்றங்கால்ல விலைக்குக் கிடைக்குது.

அடுத்தது வெயில். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கே, சூரியன் உச்சந்தலையில நிக்கும். மெல்பன் 38 பாகை தெற்கே. இங்கே வெயில் வடக்குப் பக்கமா சாய்ஞ்சு வரும், குளிர்காலத்துல வீட்டுக்குத் தெற்கே நிழல்தான். பூந்தொட்டி எல்லாம் வடக்குச் சுவரோரம் இருக்கணும். காலமும் தலைகீழ். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற நேரத்துல இங்கே கடுங்குளிர், விதை மண்ணுக்குள்ளயே அழுகும். ஐப்பசிதான் இங்கே பட்டம்.

மேற்குப் புறநகர்னா மண் கரிசல் மாதிரி ஒட்டும் களி. ஒரு அடி ஆழம் குழி தோண்டித் தண்ணி நிரப்புங்க. மறுநாளும் நின்னா, சதுர மீட்டருக்கு 1 கிலோ ஜிப்சம், கூடவே மக்கின உரம் போட்டுக் கொத்தி, 20 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டி நடணும். வாடகை வீட்டுல இதெல்லாம் வேண்டாம், தொட்டி போதும். தொட்டி மண் மூட்டையைப் பிரிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தத் தூசியில லீஜியனெல்லா கிருமி இருக்கலாம், நுரையீரலைப் பிடிச்சா உயிருக்கே ஆபத்து. மூட்டையில எழுதியிருந்தாலும் நம்மாட்கள் படிக்கறதே இல்ல. மண்ணை முதல்ல நனைச்சிட்டு, அப்புறம் அள்ளுங்க.

முதல் வருஷத்துக்கு மூணே செடி போதும். ஜெரானியம்: 10 செ.மீ. கம்பு ஒடிச்சு, கீழ் இலையைக் கிள்ளி, ஒரு நாள் நிழல்ல காயவிட்டு ஊன்றினா வேர் பிடிக்கும். மேல்மண் காய்ஞ்ச பிறகுதான் தண்ணி. தினமும் ஊத்தினா தண்டோட அடி கறுத்து அழுகும். கிரேந்தி (செண்டுமல்லி): அக்டோபர்ல விதைச்சா ரெண்டு மாசத்துல பூ. இளநாத்தை நத்தை ஒரே ராத்திரியில தின்னுரும், அதனால முதல் மூணு வாரம் டார்ச் எடுத்துப்போய்ப் பொறுக்கணும். நத்தை மருந்து வாங்கினா இரும்புச்சத்து உள்ளதா வாங்குங்க, மத்தது நாய்க்கு ரொம்ப விஷம். வாடாமல்லி: குளிர் துளிகூட ஆகாது, நவம்பர்ல மண் சூடான பிறகு 25 செ.மீ. இடைவெளியில நடணும். ஜனவரியில 40 டிகிரி வடக்குக் காத்து அடிச்சாலும் நிக்கும்.

அரளி வேணும்னு கேட்டீங்க. நம்மூர்த் தோவாளையில அரளிப்பூவால கட்டற மாணிக்கமாலைக்குப் பழகின கண்ணுக்கு அந்த வெள்ளையும் சிவப்பும் வேணும்தான். இங்கே நல்லா வளரும். ஆனா இலை, பூ, பால் எல்லாமே விஷம். பிள்ளைக்கு நாலு வயசுன்னு எழுதியிருக்கீங்க, இப்ப வேண்டாம்.

இனி மல்லி. நம்மாட்கள் அதிகம் ஏமாறறது இதுலதான். ஜாஸ்மின்னு பேர் போட்டு நிறைய செடி விக்கறாங்க. இலையைக் கிள்ளினா வெள்ளைப் பால் வந்தா அது மல்லி இனமே இல்ல. மொட்டு வெளிப்புறம் இளஞ்சிவப்பா, கொத்துக் கொத்தா ஓடுற கொடி மல்லி இனந்தான், ஆனா இங்கே காட்டுக்குள்ள பரவிக் கெடுக்கற களை. அதை நடாதீங்க. சாம்பக்னு அட்டை இருந்தா அது நம்ம குண்டுமல்லி, கிராண்டிஃபுளோரம்னா பிச்சி. பிச்சி லேசான உறைபனியைத் தாங்கும். குண்டுமல்லி தாங்காது, 35 செ.மீ. தொட்டியில வச்சு, மே மாசம் கூரைக்கடியில நகர்த்தணும். குளிர்காலத்துல இலை மஞ்சளாச்சுன்னு தண்ணியும் உரமும் அள்ளி ஊத்தித்தான் வருஷாவருஷம் பலர் சாகடிக்கறாங்க. அது பசியில்ல, குளிரு. செப்டம்பர் நடுவுல மூணுல ஒரு பங்கு வெட்டிவிட்டு, துளிர் கண்ட பிறகு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பொட்டாஷ் கூடின உரம் கொடுங்க. டிசம்பர்ல மொட்டு வரும்.

ஊர்ல ஓணத்துக்கு முன்னாடி தோவாளைப் பூச்சந்தையில விடியறதுக்குள்ள கிரேந்தி குவியும், மரிக்கொழுந்து மணம் ரோடு வரைக்கும் வரும். இங்கே அந்த நேரம் குளிர் முடிஞ்சும் முடியாத சமயம், தோட்டத்துல ஒரு கிரேந்தியும் இருக்காது. மார்ச்ல நல்லா மலர்ந்த வாடாமல்லியைக் காம்போட வெட்டி, பத்துப் பத்தாக் கட்டி, வெயில் படாத அறையில தலைகீழாத் தொங்கவிடுங்க. மூணு வாரத்துல காய்ஞ்சிரும். ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடும்போது அந்த ஊதா நிறம் அப்படியே இருக்கும்.