இணக்கசபையில் ஒப்பமிட்ட தாள் தீர்ப்பாகுமா?

கேள்வி: மட்டக்களப்பு வெல்லாவெளியில் இருந்து எழுதுகிறேன். பெரும்போக வேளாண்மைச் செலவுக்கென்று மச்சானுக்கு 3,80,000 ரூபாய் கொடுத்தேன். எழுத்து ஒன்றும் வாங்கவில்லை. இணக்கசபைக்குப் போனோம். ஐந்து தவணையில் தருவதாக ஒப்பமிட்டார். ஒரு தவணையோடு நின்றுவிட்டது. "அந்தத் தாள் கோட்டுத் தீர்ப்புக்குச் சமம், பொலிசில் கொடு" என்கிறார்கள். சரியா சேர்?

பதில்: சரியில்லை. உங்களுக்கு அப்படிச் சொன்னவர் நடுத்தீர்ப்பையும் (இரு தரப்பும் முடிவை ஒரு நடுவரிடம் விடுவது) மத்தியஸ்தத்தையும் குழப்பியிருக்கிறார். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நடுத்தீர்ப்பாளர் வழங்கும் தீர்ப்பை மேல் நீதிமன்றத்தில் பதிந்து நிறைவேற்றலாம். நம் ஊரில் இணக்கசபை என்று சொல்லும் மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பும் தாமாக இணங்குகிறார்கள். அந்த இணக்கத்தைக் காட்டி மச்சானின் உழவு மெசினையோ வயலையோ பறிமுதல் செய்ய முடியாது. பொலிசும் கடன் வசூலிக்கும் இடமல்ல. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட முடிந்தால் மட்டுமே அது வேறு கதை.

அதற்காகத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். மச்சான் இணக்கத்தை மீறிவிட்டார் என்று சபையின் தவிசாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். சபை மீண்டும் கூடும். அப்போதும் சரிவராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தொகை சட்டம் வைத்த எல்லைக்குக் கீழே இருப்பதால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது.

உங்கள் வழக்கில் எனக்குக் கவலை தருவது சாட்சியம்தான். சபையில் மச்சான் "காசு வாங்கினது உண்மைதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருப்பார். அதை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கச் சட்டம் விடாது. ஆட்கள் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கையெழுத்து வாங்காமல் கடன் கொடுத்தவருக்கு இடிக்கும். ஆகவே வெளியே இருக்கும் ஆதாரங்களைத் தேடுங்கள். வங்கிப் பற்றுச்சீட்டு, அவர் அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவு, காசு கைமாறும்போது நின்றவர்கள், அந்த ஒரு தவணை வந்த வழி, எல்லாம் உதவும். போனை மாற்றுவதானாலும் பழையதை வீசிவிட வேண்டாம்.

எழுத்தில்லாக் கடனுக்கு வழக்கிடக் காலவரையறை 3 ஆண்டு. பிணக்கு இணக்கசபையில் இருந்த காலம் அந்த 3 ஆண்டில் சேராது, என்றாலும் அதை நம்பி அடுத்த அறுவடை வரை காத்திருக்காதீர்கள்.

சபை மறுபடி கூடும்போது மச்சான் தவணை கேட்டால் கொடுக்கலாம், சொந்தம் கெடாது. ஆனால் வெறும் இணக்கத்தோடு எழும்ப வேண்டாம். வெளியே வந்து ஒரு புரோநோட் (கடனைத் திருப்பித் தருவதாக ஒப்பமிடும் சீட்டு) எழுதி வாங்குங்கள். அதற்குக் காலம் 6 ஆண்டு. முதல் தொகை, வட்டி வீதம், முன்கூட்டியே கழித்த வட்டி இருந்தால் அது, மூன்றையும் அதில் தனித்தனியே காட்ட வேண்டும். வட்டி இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.