நாரைக்கு வேறு பெயர் வைத்திருந்த ஊர்

கேள்வி: ரோமைச் சுற்றியிருந்த, லத்தீன் பேசிய ஊர்கள் எல்லாம் ரோமக் குடியுரிமைக்கு ஏங்கின என்று படித்தேன். வேண்டாம் என்று சொன்ன ஊர் ஒன்றாவது உண்டா?

பதில்: உண்டு. பிரேனெஸ்தே. ரோமுக்குக் கிழக்கே சுமார் 35 கி.மீ. தள்ளி, மலைச்சரிவில் இருக்கிறது. இன்றைய பெயர் பலெஸ்திரினா. லத்தீன் ஊர்களில் எனக்கு இதன்மேல்தான் பிரியம் அதிகம்.

இரண்டு ஊருக்கும் நெடுநாள் பகை. கி.மு. 380-ல் பிரேனெஸ்தே படை ரோமின் வாசல்வரை வந்துவிட்டது. ரோம் திருப்பியடித்து, அந்த ஊரின் ஜூபிடர் கடவுள் சிலையைத் தூக்கிக்கொண்டு போனது. கி.மு. 338-ல், லத்தீன் ஊர்கள் ரோமை எதிர்த்த போரில் தோற்றபோது நிலமும் பறிபோனது. ஆனாலும் ரோமோடு கரையாமல், உடன்படிக்கை செய்துகொண்ட தனி ஊராகவே நின்றது. பேச்சும் தனி. நாரையை ரோமர்கள் 'கிகோனியா' என்றால் இவர்கள் 'கோனெயா' என்பார்கள். ரோம நாடகாசிரியர் பிளாட்டஸ் அதைக் கேலி செய்திருக்கிறார்.

கி.மு. 216. ரோமின் எதிரியான கார்த்தேஜ் நகரத் தளபதி ஹன்னிபால், கன்னே என்ற இடத்தில் ரோமப் படையை நசுக்கியிருந்தான். ரோமுக்கு உதவியாகக் கிளம்பிய 570 பிரேனெஸ்தே வீரர்கள், வழியில் சேதி தெரிந்து காசிலினம் என்ற சிற்றூருக்குள் புகுந்தார்கள். ஹன்னிபால் வளைத்துக்கொண்டான். உள்ளே கடும் பஞ்சம். கேடயத்துத் தோலை வெந்நீரில் ஊறவைத்துத் தின்றார்கள். ரோமர்கள் இரவில் தாழிகளில் தானியம் நிரப்பி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். எதிரி அதைக் கண்டுபிடித்ததும் கொட்டைகளை நீரில் கொட்டினார்கள். உள்ளேயிருந்தவர்கள் படல் வைத்து அவற்றை அரித்தெடுத்தார்கள். மதிலோரத்துப் புல்லும் கிடைக்கக்கூடாதென்று எதிரி மண்ணை உழுதுபோட்டான். உழுத மண்ணில் இவர்கள் டர்னிப் கிழங்கு விதையைத் தூவினார்கள்! "இது முளைக்கும்வரை நான் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா?" என்று ஹன்னிபால் கேட்டதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

கடைசியில் தலைக்கு இவ்வளவு பொன் என்று மீட்புத்தொகை பேசி வெளியே வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைத்திருந்தார்கள். ரோம செனட் இரட்டைச் சம்பளம் கொடுத்தது, ஐந்தாண்டு படைச்சேவையிலிருந்து விலக்களித்தது, குடியுரிமையும் தர முன்வந்தது. குடியுரிமையை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை. ஏன் என்று லிவி சொல்லவில்லை. ரோமுக்காகப் பட்டினி கிடந்தார்கள். அதற்காகத் தங்கள் ஊர்ப்பெயரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: அந்த ஊர் பிறகு என்ன ஆனது?

பதில்: கி.மு. 90-ஐ ஒட்டி, இத்தாலியின் மற்ற ஊர்களோடு சேர்ந்து அவர்களும் ரோமக் குடிமக்கள் ஆனார்கள். எட்டே ஆண்டில் ரோமின் உள்நாட்டுப் போர் அவர்கள் வாசலுக்கே வந்தது. ரோமத் தளபதி சுல்லாவிடம் தோற்ற எதிரணித் தலைவன் இளைய மாரியுஸ் அங்கே அடைக்கலம் புகுந்தான். நீண்ட முற்றுகைக்குப் பின் ஊர் விழுந்தது. சுல்லா 12,000 பேரை ஒரே இடத்தில் நிறுத்தி வெட்டச் சொன்னான் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். முன்பு தனக்கு விருந்தோம்பிய ஒருவரை மட்டும் விட்டுவிடச் சொன்னான். "என் ஊரைக் கொன்றவனிடம் உயிர்ப்பிச்சை வாங்கமாட்டேன்" என்று அவர் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார். அவரையும் வெட்டினார்கள்.