மறைக்க எதுவும் இல்லாதவர்களின் போன்

அன்புள்ள ஐயா,

போன் ஒட்டுக்கேட்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரி ஒழுங்காகக் கட்டுகிறேன், யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. என் போனை அரசாங்கம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், பேரனோடு பேசுவதைத்தானே கேட்கப் போகிறார்கள்? தீவிரவாதியைப் பிடிக்க வேண்டாமா? கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் நம்மைப் பற்றி எல்லாம் தெரியும், அதற்கு யாரும் பதறுவதில்லை. அரசாங்கம் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்? உரிமை உரிமை என்று பேசுவது கடைசியில் குற்றவாளிக்குத்தான் உதவுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இதில் தவறாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. உங்களைப் போல நினைப்பவர்கள்தான் அதிகம், அதனால்தான் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தீவிரவாதியின் போனைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும். யாருடைய போனைக் கேட்பது என்று யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவு சரியா என்று யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இந்தியாவில் இப்போது இருக்கும் முறையைச் சொல்கிறேன். போலீஸோ உளவு அமைப்போ கேட்கிறது, மத்திய அரசாக இருந்தால் மத்திய உள்துறைச் செயலாளர், மாநிலமாக இருந்தால் மாநில உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போடுகிறார். அந்த உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்து நீட்டித்து 180 நாள் வரை கொண்டுபோகலாம். உத்தரவு போட்ட பிறகு அதை ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். மத்திய அரசின் குழுவில் மூன்று பேர்: அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர். மூவருமே அரசின் செயலாளர்கள். நீதிபதி ஒருவர்கூட இல்லை. நீங்கள் வங்கியில் இருந்தவர், உங்களுக்கே தெரியும்: கடன் கேட்பவரின் வீட்டு ஆளே கடனுக்கு ஒப்புதல் கொடுத்து, அதே வீட்டு ஆளே தணிக்கையும் செய்தால் உங்கள் கிளையில் விட்டிருப்பீர்களா?

அந்தக் குழுவுக்கு வரும் வேலையின் அளவையும் பாருங்கள். இது நான் சொல்லும் கணக்கு இல்லை, தரவுப் பாதுகாப்பைப் பற்றி ஆராய அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் கொடுத்த அறிக்கையில் இருப்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அது நடைமுறையில் ஆகாத காரியம் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் 28,800 வினாடி. 15,000 உத்தரவு என்றால் ஒன்றுக்கு இரண்டு வினாடிகூட வராது. ஒரு மனிதரின் பெயரையும் போன் எண்ணையும் படித்து முடிப்பதற்குள் அடுத்த தாளுக்குப் போயாக வேண்டும், இதில் காரணம் நியாயமானதா என்று எங்கே யோசிப்பது?

இதையெல்லாம்விடக் கொடுமை, கேட்கப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது என்பது. எல்லாம் முடிந்து, அவர் மேல் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் சொல்ல மாட்டார்கள். பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் உரிமை மீறப்பட்டது உங்களுக்குத் தெரிந்தால்தானே கோர்ட்டுக்குப் போவீர்கள்?

'மறைக்க எதுவும் இல்லை' என்கிறீர்கள். கரக் சிங் என்று ஒருவர். உத்தரப் பிரதேசத்தில் 1941-ல் கொள்ளை வழக்கு ஒன்றில் பிடித்தார்கள், ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் கண்காணிப்புப் பட்டியல் ஒன்றைத் திறந்துவைத்தது. ராத்திரி நேரத்தில் போலீஸ்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள், சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள், வீட்டுக்குள்ளே வந்து ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். ஊரை விட்டுப் போனால் எங்கே போகிறார் என்று சொல்ல வேண்டும், அங்கே இருக்கும் ஸ்டேஷனுக்கும் தகவல் போகும். 1962-ல் உச்ச நீதிமன்றம் இரவு நேர வருகை மட்டும் கூடாது என்றது, வெளியே நின்று ரகசியமாக நோட்டம் விடுவதையும் பின்தொடர்வதையும் அனுமதித்தது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும், நீதிபதி ஷாவும் சேர்ந்துகொள்ள, மாறுபட்டு எழுதினார். பின்தொடரப்படும் மனிதனுக்கு நாடு முழுவதுமே சிறைதான் என்றார். அவர் பக்கம்தான் சரி என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 2017 வரை ஆனது. கரக் சிங்கிடம் மறைக்க ஒன்றும் இருந்ததாக யாராலும் நிரூபிக்க முடியவில்லை, அதனால் அவருக்குத் தூக்கம் கிடைத்துவிடவில்லை.

சரி, உங்கள் போனை யாருமே கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்கு நஷ்டம் இருக்கிறது. ஓர் அரசு அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டைப் பத்திரிகையாளரிடம் சொல்ல ஒரு குமாஸ்தா நினைக்கிறார். அந்தப் பத்திரிகையாளரின் போன் கேட்கப்படலாம் என்ற சந்தேகம் போதும், அவர் கூப்பிட மாட்டார். மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தி இருக்காது. நீங்களும் நானும் பேப்பரைப் படித்துவிட்டு நாட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

இது எந்தக் கட்சியையும் பற்றிய பேச்சு இல்லை, எல்லா நிறத்து அரசுகளும் செய்தவைதான். 1988-ல் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தி வீட்டை ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் நோட்டம் விட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் மத்தியில் சந்திரசேகர் ஆட்சியே போனது. இரண்டே இரண்டு போலீஸ்காரர்கள்! 2021 ஜூலையில், போனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய செய்தி வந்தது. பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் எல்லாரும் குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்று செய்தி, அரசுகளுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்கிற மென்பொருள். உச்ச நீதிமன்றம் குழு அமைத்தது. 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருக்கிறது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது குழு. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னதாகத் தலைமை நீதிபதி ரமணா 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே தெரிவித்தார். அதற்காக ஒருவர்கூடப் பதவி விலகவில்லை. நமக்கும் அது பழகிவிட்டது, எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இந்தப் பழக்கம்தான்.

குற்றவாளிக்கு உதவுகிறது என்கிறீர்களே, அதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு கொடுத்தார். வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் என்ற வழக்கு, அதில் சிக்கியவரின் போனை சி.பி.ஐ. ஒட்டுக்கேட்க 2011-ல் மத்திய உள்துறை உத்தரவு கொடுத்திருந்தது. 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டமே, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணத்துக்கு மட்டும்தான் அனுமதி தருகிறது, ஒரு குற்றத்தைத் துப்பறிய அதைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லி அந்த உத்தரவை ரத்து செய்தார். கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. லஞ்ச வழக்கில் சிக்கியவருக்குச் சாதகமாகப் போகிறதே என்று உங்களுக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம்கூட அதற்குச் சில நாள் முன்பு, பெரிய ஊழல் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு மாதிரி சொன்னது. ஆனாலும் நான் சென்னைத் தீர்ப்பின் பக்கம்தான் நிற்பேன். லஞ்ச வழக்குக்காகச் சட்டத்தை வளைக்கலாம் என்று இன்றைக்கு ஒத்துக்கொண்டால், நாளைக்கு ஒரு போராட்டக்காரரின் போனுக்காக வளைக்கும்போது என்ன சொல்லித் தடுப்பது? லஞ்சத்துக்காகப் போனைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் நாடாளுமன்றத்தில் விவாதித்துச் சட்டம் கொண்டுவரட்டும். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது, நல்ல வாய்ப்பு. ஆனால் பழைய அதிகாரம் ஏறக்குறைய அப்படியே அதில் வந்து உட்கார்ந்துவிட்டது. நீதிபதியின் முன் அனுமதி அதிலும் இல்லை.

கூகுள் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கூகுள் உங்களைக் கைது செய்யாது, ஜாமீன் இல்லாத சட்டத்தில் உள்ளே வைக்காது. அதோடு, அந்த நிறுவனங்கள் சேர்த்து வைப்பதை அரசு சட்டப்படி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களைச் சொல்லித் தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள மத்திய அரசுக்கு இடம் தருகிறது.

நான் கேட்பது இரண்டே இரண்டு. கேட்பதற்கு முன்னால் ஒரு நீதிபதி பார்த்து அனுமதி தரட்டும். விசாரணை முடிந்து, கெடுதல் இல்லை என்று ஆன பிறகு சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கட்டும். ஜெர்மனிச் சட்டத்தில் இப்படிப் பின்னால் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது, அதனால் அங்கே துப்பறிதல் நின்றுபோகவில்லை.

உங்களுக்கு நேரம் இருக்கிறது, கணக்கும் தெரியும். உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். போன வருஷம் மத்திய உள்துறை எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவு போட்டது, அதில் எத்தனை உத்தரவை மறுஆய்வுக் குழு ரத்து செய்தது என்று இந்த இரண்டு எண்களை மட்டும் மக்களவையில் கேட்கச் சொல்லுங்கள். யார் பெயரும் வேண்டாம், எந்த வழக்கும் வேண்டாம். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.