நரித் தலைக்குச் சன்மானம்: அது உங்கள் கோழியைக் காக்குமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பல்லாரட் நகருக்கு அருகே 12 ஏக்கர் நிலம் வாங்கிக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் ஒரே இரவில் 23 கோழிகளை நரி கொன்றுவிட்டது. தூக்கிச் சென்றது இரண்டைத்தான்; மற்றவை கூட்டுக்குள்ளேயே கிடந்தன. ஆகஸ்டில் ஒன்பது செம்மறிகள் குட்டி போட இருக்கின்றன. அரசாங்கம் நரித் தலைக்குப் பணம் தருகிறது, ஆள் வைத்துச் சுட்டால் தொல்லையும் தீரும், காசும் வரும் என்கிறார் பக்கத்துப் பண்ணைப் பெரியவர். பழைய கொட்டகையில் ஆணித் துளை நிறைந்த பலகைகளும், வளைத்த கம்பிகளும், காய்ந்த தோல்கள் சிலவும், நடுவில் துளையிட்ட சிறு தகரத் துண்டும் கிடைத்தன. இவை என்ன? தோலை விற்க முடியுமா? நரித் தொல்லைக்கு வழி என்ன?

பதில்: முதலில் இன்றிரவுக்கான வேலை. அந்த நரி திரும்பி வரும். தூக்கிப் போக முடியாமல் விட்டதை எடுத்துப் புதைத்து வைப்பது அதன் வழக்கம். காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை சிதறி ஓடிவிடும், கொலையும் அதோடு நிற்கும். கூட்டுக்குள் ஓட வழியில்லாத கோழிகள் படபடத்துக்கொண்டே இருப்பதால் நரியின் வேட்டைக்குணம் அடங்குவதில்லை. 23 கோழிகள் செத்ததற்குக் காரணம் இதுதான். மீதிக் கோழிகளைச் சுவரும் கூரையும் உள்ள அறையில் அடையுங்கள். செத்தவற்றை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

இனி, பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. விக்டோரியாவில் நரித் தலைத்தோலுக்குச் சன்மானம் உண்டு. ஆனால் அந்தப் பணம் எதற்காகப் பிறந்தது, என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். உங்களைப் போல் கோழியைப் பறிகொடுத்துவிட்டு, சன்மானத்தை நம்பி ஒரு பருவத்தையே இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது நம் ஊர்க் கதைகளில் வரும் நரி அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த செந்நரி. இங்கிலாந்தில் 1566-ஆம் ஆண்டிலேயே, முதலாம் எலிசபெத் காலத்தில், தானியத்தைக் காக்கவென்று ஒரு சட்டம் போட்டு நரித் தலைக்கு 12 பென்னி விலை வைத்தார்கள். ஊர்த் தேவாலயக் கணக்கர்கள் தலையைப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். அடுத்த இரு நூற்றாண்டுகளில் காற்று திசை மாறியது. குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்துவது நிலப்பிரபுக்களின் பெருமைக்குரிய பொழுதுபோக்கானது. அதன்பின் குடியானவன் தன் கோழிக்காக நரியைக் கொன்றால் ஊர்ப்பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வேட்டைக்கு நரி போதாமல் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வரவழைத்து, லண்டன் சந்தையில் வாங்கிவந்து அவிழ்த்துவிட்டதும் உண்டு. அந்தப் பெருமைதான் கப்பலேறி இங்கே வந்தது. 1870களில் தெற்கு விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்ட நரிகள் வேரூன்றின. உங்கள் நிலத்திலிருந்து வெகுதொலைவு இல்லை.

தீனியும் தயாராக இருந்தது. ஜீலாங் அருகே 1859-இல் தாமஸ் ஆஸ்டின் விட்ட முயல்கள் அதற்குள் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தன. முயல் போன பாதையிலேயே நரியும் போனது. 1890களில் விக்டோரியாவின் சில பகுதிகள் நரிக்குச் சன்மானம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. வெப்பமண்டல வடக்கு நீங்கலாகக் கண்டம் முழுவதும் இன்று நரி உண்டு. எண்ணிக்கை 17 லட்சம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

நூறாண்டுக்கு மேல் விட்டுவிட்டுச் சன்மானம் கொடுத்தும் நரி ஏன் குறையவில்லை? செந்நரி ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். ஜூன், ஜூலையில் இணைசேர்ந்து, 52 நாள் அளவில் சுமந்து, ஆகஸ்ட், செப்டம்பரில் சராசரியாக நான்கு குட்டி போடும். அந்தக் குட்டிகள் கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் சொந்த இடம் தேடிக் கிளம்பும். அவற்றில் பெரும்பங்கு எப்படியும் சாகக்கூடியவை. அவைதான் அனுபவமில்லாதவை, சுட எளிதானவை. மார்ச்சில் சுட்ட அத்தகைய குட்டிக்கும், ஜூலையில் சுட்ட சினை நரிக்கும் சன்மானம் ஒன்றே. வேட்டைக்காரர் எதைச் சுடுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வட்டாரத்தில் நரி பெருகாமல் நிறுத்த வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 65 சதவீதத்தைக் கொல்ல வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சாலையோரத்தில் விளக்கடித்து இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சுடுவது அந்த அளவை எட்டுவதில்லை. காலியான இடத்துக்குச் சில வாரங்களில் அடுத்த நரி வந்துவிடுகிறது.

இதை விக்டோரியாவே சோதித்துப் பார்த்திருக்கிறது. 2002-இல் வாலுக்கு 10 டாலர் என்று அறிவித்தார்கள். ஓராண்டுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வால்கள் வந்து குவிந்தன. அன்றைய நாளிதழ்ப் படங்களைப் பார்த்தவர்கள் நரி ஒழிந்தது என்றே நினைத்திருப்பார்கள். பிறகு வந்த மதிப்பீடு, மாநிலப் பரப்பில் ஏறத்தாழ 4 சதவீதத்தில் மட்டுமே நரி எண்ணிக்கை குறைந்திருக்கக்கூடும் என்றது. 2011-இல் மீண்டும் தொடங்கினார்கள், இம்முறை தலைத்தோலுக்கு 10 டாலர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தலைத்தோல்கள் சேர்ந்துவிட்டன. நரியோ இன்னும் உங்கள் கூட்டு வாசலில் நிற்கிறது.

இந்த நாட்டில் சன்மானத்தைவிட வலுவாக நரியைத் துரத்தியது தோல் விலைதான். அதன் சாட்சிகளே உங்கள் கொட்டகையில் கிடக்கின்றன.

வளைத்த கம்பிகள் முயலுக்கானவை. உரித்த முயல்தோலைக் காலுறையைப் போல உள்புறம் வெளியே தெரியும்படி புரட்டி, அந்தக் கம்பி வில்லில் மாட்டி, விறைப்பாக நிழலில் காயவிடுவார்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த ஆயிரக்கணக்கானோருக்கு முயல்தோல்தான் கஞ்சி ஊற்றியது. அக்கூப்ரா என்ற ஆஸ்திரேலியத் தொப்பி செய்யப்பட்டதும் அந்த முடியால்தான். 1950-இல் மிக்ஸோமா என்ற நோய்க்கிருமியைப் பரப்பி முயல்களை அழித்தபோது பண்ணையாளர்கள் மகிழ்ந்தார்கள், தோல் பிடிப்பவர்களின் பிழைப்பு போயிற்று.

ஆணித் துளை நிறைந்த பலகைகள் நரிக்கானவையாக இருக்கலாம். நரித்தோலை விரித்து, விளிம்பெல்லாம் சிறு ஆணி அடித்துக் காயவிடும் வழக்கம் இருந்தது. பலகையில் துளைகளின் வரிசையைக் கூர்ந்து பாருங்கள். ஒரு நரியின் உருவம், கழுத்தும் தோளும் இடுப்புமாக, தெரிய வாய்ப்புண்டு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல உருவங்கள் தெரிந்தால், அந்தக் கொட்டகையில் பல குளிர்காலங்கள் இந்த வேலை நடந்திருக்கிறது.

அந்தத் தகரத் துண்டு நரி ஊதல் என்று நினைக்கிறேன். தகரத்தை இரண்டாக மடித்து நடுவில் துளையிட்டிருப்பார்கள். மடிப்பு உள்ளேயும் திறந்த பக்கம் வெளியேயும் இருக்க, உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே வைத்து மூச்சை உள்ளே இழுத்தால், பிடிபட்ட முயல் கீச்சிடுவதைப் போன்ற ஒலி வரும். பனி விழும் விடியலில் காற்றுக்கு எதிராக உட்கார்ந்து அதை ஊதினால், அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நரி ஓடிவருவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். உடலில் ஒரு நடுக்கம் ஓடும். இவ்வளவு எச்சரிக்கையான பிராணி ஒரு சிறு ஒலிக்கு இப்படி ஏமாறுகிறதே என்று மனம் சங்கடப்படவும் செய்யும்.

1920களில் நகரத்துப் பெண்கள் தலையும் வாலும் சேர்ந்த முழு நரித்தோலைத் தோளில் சுற்றிக்கொள்வது நாகரிகமாக இருந்தது. பிறகு மவுசு குறைந்து, 1970களின் பிற்பகுதியில் நீண்ட முடியுள்ள தோல்களுக்கு ஐரோப்பாவில் மறுபடி கிராக்கி ஏற்பட்டது. ஊர் ஊராக வண்டியில் வந்து தோல் வாங்கும் வியாபாரிகள் இருந்தார்கள். ஆட்டுக்கம்பளி விலை சரிந்த பண்ணைகளில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு நரித்தோல் கைகொடுத்தது. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான தோல்கள் ஏற்றுமதியாயின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், விலங்குரோமத்துக்கு எதிரான இயக்கங்களும், பண்ணையில் வளர்த்த நரிகளின் மலிவான தோல்களும் சேர்ந்து உலகச் சந்தையைச் சாய்த்தன. விலை போனதும் துப்பாக்கிகளும் ஓய்ந்தன.

தோல் வியாபாரத்தை நான் போற்றவில்லை. ஆனால் ஒரு வகையில் அது சன்மானத்தைவிடப் பயனுள்ளதாக இருந்தது. நரியின் முடி அடர்ந்து பளபளப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். கோடைத் தோலை வியாபாரி தொடமாட்டார். அதனால் வேட்டை நடந்தது குளிர்காலத்தில், குட்டி போடும் முன், செம்மறிகள் ஈனும் பருவத்தை ஒட்டி. குறை என்னவென்றால், அடுத்த ஆண்டும் தோல் வேண்டுமே என்று நரியை மிச்சம் வைப்பது வேட்டைக்காரருக்கு லாபம். தலைக்கு விலை வைத்தாலும் தோலுக்கு விலை வைத்தாலும், கொல்பவரின் வருமானம் நரி இருப்பதையே நம்பி நிற்கிறது. உங்கள் தேவை அதற்கு நேர் எதிரானது.

'நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி' என்பார்களே, அதுதான் 12 ஏக்கர்காரருக்கு ஏற்ற கொள்கை. ஒரு நரியின் உலா எல்லை பல நூறு ஏக்கர். உங்கள் நிலம் அதில் ஒரு மூலை. எத்தனை நரி செத்தது என்று எண்ணாதீர்கள், காலையில் எத்தனை கோழி உயிரோடு இருக்கிறது என்று எண்ணுங்கள்.

கூட்டுக்குச் செய்ய வேண்டியது இதுதான். மெல்லிய அறுகோணக் கோழிவலையை நரி கடித்துக் கிழித்துவிடும். பற்றவைத்த கனமான கம்பிவலை போடுங்கள். நரி நன்றாக ஏறும் என்பதால் மேலேயும் மூடுங்கள். அடியில், வலையை வெளிப்பக்கமாக அரை மீட்டர் தரையோடு படுக்கவிட்டு, கல்லோ மண்ணோ வைத்து அழுத்துங்கள். நரி சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும்; காலடியில் கம்பி தட்டுப்பட்டதும், பின்னால் நகர்ந்து தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. கூட்டைச் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மின்வேலிக் கம்பி ஒன்றை ஓட்டினால் இன்னும் நல்லது. அந்தியில் கதவை அடைப்பது ஒரு நாளும் தவறக்கூடாது. வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்புபவரானால், வெளிச்சம் மங்கியதும் தானே மூடும் கதவு வாங்குங்கள். இருபது நரி சுட்டு வரும் சன்மானத்தைவிட அது உங்களுக்குப் பயன்படும்.

செம்மறிகளை ஈனும் வாரங்களில் இரவில் வீட்டுக்கு அருகே உள்ள சிறு பட்டிக்குக் கொண்டுவாருங்கள். பிறந்த முதல் சில நாட்களில்தான் ஆபத்து அதிகம். செத்த குட்டியையெல்லாம் நரிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான குட்டிகள் குளிரிலும் பசியிலும், தாய் சேர்க்காமலும் சாகின்றன, நரி பிறகு வந்து தின்கிறது. தாயாடுகளின் தீனியைக் கவனிப்பதும் நரிக் காவலில் பாதி.

காவல் நாயைப் பற்றியும் யோசியுங்கள். வார்ணம்பூல் கடற்கரையை ஒட்டிய மிடில் தீவில் சிறு பென்குயின் இனப் பறவைகளை நரிகள் தின்று தின்று, 2005-இல் பத்துக்கும் குறைவாகவே மிஞ்சின. தன் பண்ணையில் மாரெம்மா இனக் காவல் நாய்களை வைத்துக் கோழிகளைக் காத்துவந்த ஸ்வாம்பி மார்ஷ் என்ற விவசாயி, அதே நாய்களைத் தீவில் விடச் சொன்னார். 2006-இல் விட்டார்கள், பென்குயின்கள் மீண்டும் பெருகின. 2017-இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைக் கொண்டுபோக முடியாத நாட்களில் நரி புகுந்து ஏறத்தாழ 140 பென்குயின்களைக் கொன்றது. காவல் ஓரிரு நாள் தவறினாலும் இதுதான் நிலை. மாரெம்மா இரவெல்லாம் குரைக்கும். அக்கம்பக்கத்தாரிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.

நரி எண்ணிக்கையையே குறைக்க வேண்டுமானால், பல பண்ணைகள் ஒரே சமயத்தில் நஞ்சு கலந்த இரை வைக்க வேண்டும். உங்கள் வட்டார லேண்ட்கேர் (நிலப் பராமரிப்பு) குழுவிடம் கேளுங்கள். 1080 என்ற நஞ்சுக்கு உரிமம் வேண்டும், தொலைவு விதிகள் உண்டு. நாய்களுக்கு அது மிகக் கொடியது, மாற்று மருந்தும் கிடையாது. உங்கள் 12 ஏக்கரில் தனியாக வைக்க முயலாதீர்கள். நரியைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் சட்டப்பூர்வக் கடமையும்கூட. ஆகவே அண்டை வீட்டார் உங்களோடு சேர மறுக்கக் காரணமில்லை.

உரிமம் பெற்ற சுடுநர் கிடைத்தால் ஜூன், ஜூலையில் அழையுங்கள். தலைத்தோலை அவரே எடுத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு அந்த வேலை வேண்டாம். நீங்களே கொடுக்க விரும்பினால், இந்தப் பருவத்தின் தொகையையும் சேகரிப்பு நாட்களையும் மாநில வேளாண்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் நரியைத் தொடாதீர்கள். சொறியும் நாடாப்புழுவும் உண்டு.

தோலை விற்பதைப் பொறுத்தவரை, வாங்க வந்த வண்டிகள் நின்று பல காலம் ஆகிறது. பதனிடும் கூலியைக் கழித்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். கொட்டகையில் உள்ள காய்ந்த தோல்களை வெறுங்கையால் எடுக்க வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் தோலுக்கு ஆர்செனிக் கலந்த மருந்து பூசியதுண்டு.

பலகைகளையும் ஊதலையும் மட்டும் எறிந்துவிடாதீர்கள். கொட்டகைச் சுவரிலும் கதவின் உட்புறத்திலும் பென்சில் எழுத்து இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எத்தனை தோல், என்ன தேதி, என்ன விலை என்று கோடு போட்டு எழுதிவைக்கும் பழக்கம் பலருக்கு இருந்தது. அப்படி ஏதேனும் தென்பட்டால், வண்ணம் அடிப்பதற்கு முன் படம் எடுத்து உங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குக் காட்டுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்பினால் மகிழ்வேன்.